கன்று கைமாறும் இடத்தில்

(சத்தியமங்கலத்தில் வாழை விவசாயிகளும் கல்லூரி மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தண்ணி கட்டுகிற நேரத்தில் தோட்டத்தை விட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் ஆரம்பித்துவிடுகிறேன்.

வைரஸ் சோதனை என்றதும் நமக்கெல்லாம் 2020 ஞாபகம் வருகிறது. மூக்குக்குள் குச்சி, இரண்டு நாள் காத்திருப்பு, பாசிட்டிவா நெகட்டிவா, சிடி எவ்வளவு. ஆர்டி-பிசிஆர் என்ற பெயர் டீக்கடைப் பேச்சுக்கே வந்துவிட்டது. அதனால் என் வேலை பாதி குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது மனிதருக்குச் செய்யும் சோதனையைப் பற்றி அல்ல, வாழைக்குச் செய்யும் சோதனையைப் பற்றி.

கீழ்பவானி வாய்க்காலும், கொடிவேரியில் பிரிகிற தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் பாய்கிற இந்தப் பக்கத்தில் கதலி, நேந்திரன், பூவன், தேன்வாழை, செவ்வாழை, ரொபஸ்டா என்று நிற்காத ரகமில்லை. ஏலத்துக்குப் போகிற தாருக்குக் கணக்கு இருக்கிறது. எந்த ரகம், எத்தனை கிலோ, என்ன விலை, எந்த ஊர் வியாபாரி என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வீர்கள். அந்தத் தார் போட்ட மரத்தின் கன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பதில் இழுக்கிறது. "பங்காளி தோட்டத்துல எடுத்தமுங்க" என்பார் ஒருவர். "லோடு வந்துச்சுங்க, எறக்கிக்கிட்டோம்" என்பார் இன்னொருவர். வாழைக்கு வைரஸ் பெரும்பாலும் அந்த லோடில்தான் வருகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். வாழை வைரஸைக் கண்டுபிடிக்க எளிய, விரைவான மூலக்கூறு சோதனைகள் அறிவியலில் தயார். அவற்றை எந்த இடத்தில் வைப்பது என்பதில்தான் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதலில் நோயைப் பார்ப்போம். முடிக்கொத்து நோய் கண்ட வாழையில் இலை குறுகும், விறைத்து நிமிரும், ஓரம் மஞ்சளாகும், ஒன்றன்மேல் ஒன்று நெருக்கி உச்சியில் கொத்தாக நிற்கும். அதற்கும் முன்னால், இலைக்காம்பிலும் நடுநரம்பின் அடிப்பக்கத்திலும் கரும்பச்சை நிறத்தில் கோடும் புள்ளியுமாகத் தந்தி அடித்த மாதிரி ஒரு வரி தெரியும். கூர்ந்து பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் அது படும். இளம் வயதில் நோய் கண்ட மரம் தார் விடாது. வளர்ந்த பிறகு கண்டால் தார் பாதியில் சிக்கிக்கொள்ளும், அல்லது விற்க முடியாத பிஞ்சாக வரும்.

இதை உண்டாக்குவது ஒரு விசித்திரமான வைரஸ். அதன் மரபுப் பொருள் ஆறு சின்ன டிஎன்ஏ வட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு வட்டத்திலும் ஏறத்தாழ ஆயிரம் எழுத்துகள். ஆறையும் கூட்டினாலும் கொரோனா வைரஸின் முப்பதாயிரம் எழுத்துகளில் கால்பங்கைத் தொடாது. ஆறு வட்டங்களும் தனித்தனித் துகளுக்குள் பயணம் செய்கின்றன. இவ்வளவு சிறியது ஒரு தோப்பையே காலி செய்துவிடும்.

இதன் பயணக் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1889-இல் ஃபிஜித் தீவில் முதன்முதலாகப் பதிவானது. 1913-இல் இலங்கையில் தெரிந்தது. 1940-களில் கேரளத்தின் கோட்டயம் பக்கத்தில் கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1920-களில் வாழைத் தொழிலே சரிந்துபோனபோது, சி. ஜே. பி. மேகீ என்ற இளம் ஆய்வாளர் இது மண்ணாலோ ஊட்டக் குறைவாலோ வருவதல்ல, அசுவினி பரப்புகிற வைரஸ் என்று காட்டினார். மருந்து கிடையாது, நோய்கண்ட மரத்தை அழிப்பதும் சுத்தமான கன்றை நடுவதும்தான் வழி என்றார். நூறு வருஷம் ஆகியும் அந்தப் பரிந்துரையில் மாற்ற ஒன்றுமில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரத்தில் விளைகிற விருப்பாட்சி வாழையும், திண்டுக்கல்லுக்குப் பக்கத்துச் சிறுமலை வாழையும். பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாட்சிதான் என்பது பழனிக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். நீர்ச்சத்து குறைந்த பழம், அதனால் பஞ்சாமிர்தம் கெடாமல் நிற்கும். 1970-களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, முடிக்கொத்து நோய் புகுந்த பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. புவிசார் குறியீடு பிற்பாடு வந்தது. வாழையைத் திரும்பக் கொண்டுவர, நோயில்லாத தாய் மரத்தைச் சோதித்து எடுத்து, திசு வளர்ப்பில் பெருக்கி, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் மலைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. 18,000 எப்படி 2,000 ஆனது? யாரும் வேண்டுமென்று பரப்பவில்லை. நல்ல மரம் என்று நினைத்துக் கன்றைப் பகிர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். சோதனை ஏன் வேண்டும் என்பதற்கான காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

வைரஸைச் சுமப்பது வாழை அசுவினி. கருப்பாக, இலையுறைக்கு அடியிலும் குருத்திலும் கூட்டமாக ஒட்டியிருக்கும். பக்கத்திலேயே எறும்பு ஓடும். நோயுள்ள மரத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் சாறு உறிஞ்சினால் அதற்குள் வைரஸ் ஏறிவிடும். அடுத்த மரத்தில் கால் மணி நேரம் உறிஞ்சினால் போதும், இறக்கிவிடும். ஒருமுறை ஏறிய வைரஸ் இரண்டு மூன்று வாரம் அதன் உடம்பில் தங்கும். ஆனால் இந்தப் பூச்சி நெடுந்தூரம் போகிற ஜாதி இல்லை. ஆஸ்திரேலியத் தோட்டங்களில் அளந்து பார்த்ததில், புதுத்தொற்றில் மூன்றில் இரண்டு பங்கு பழைய நோய்மரத்துக்கு 20 மீட்டருக்குள்ளேயே இருந்தது. 99 சதவீதம் 86 மீட்டருக்குள் அடங்கிவிட்டது. கேரளத்திலிருந்து நம் பக்கத்துக்கோ, சத்தியிலிருந்து தாளவாடிக்கோ வைரஸ் போவது பூச்சியின் சிறகில் அல்ல. நாம் கட்டி ஏற்றிய ஈட்டிக்கன்றில் போகிறது. ஒரு கிழங்கு நோயுற்றால் அதிலிருந்து வருகிற பக்கக்கன்றுகளும் நோயோடுதான் வரும்.

தொற்று ஏறியதற்கும் அறிகுறி தெரிவதற்கும் இடையில் சில வாரத்திலிருந்து சில மாதம் வரை இடைவெளி உண்டு. தொற்றுக்குப் பிறகு விரிகிற புது இலையில்தான் வைரஸ் தன் கையெழுத்தைப் போடும், பழைய இலை பச்சைப்பசேல் என்றே இருக்கும். அந்த இடைவெளியில் தோட்டத்துக்காரர் மனசறிந்து பொய் சொல்லாமலேயே "நோய் இல்லாத கன்னுங்க" என்று விற்பார். வாங்குகிறவரும் இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நம்பி வாங்குவார். இருவர் மீதும் குற்றமில்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்கிற வரைக்கும் இந்த வியாபாரத்தில் ஏமாற்றுகிறவர் இல்லாமலே ஏமாறுகிறவர் இருந்துகொண்டிருப்பார்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1914-ஆம் ஆண்டுப் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ், கேரளம், அஸ்ஸாம், மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களிலிருந்து வாழைக் கன்றைப் பிற மாநிலங்களுக்குக் கொண்டுபோகத் தடை 1959-லேயே வந்தது. ஆனால் கேரள எல்லையில், வாளையாரில் லாரியை நிறுத்துகிற அலுவலர் கையில் என்ன கருவி இருந்தது? கண்தான். கிழங்கோடு சீவி, இலை வெட்டி, கோணி போட்டு மூடிய கன்றில் எதைப் பார்ப்பது?

சரி, சோதனைக்கு வருவோம்.

1970-களின் பிற்பாதியில் எலிசா வந்தது. வைரஸின் புரத உறையைப் பிடித்துக்கொள்கிற எதிர்ப்புரதத்தை முயல் முதலிய விலங்குகளிடமிருந்து எடுத்து, 96 குழி கொண்ட தட்டில் பூசி, இலைச்சாற்றை ஊற்றி, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. மலிவு, நிறைய மாதிரிகளை ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஆனால் முடிக்கொத்து வைரஸ் சாறோடும் திசுவுக்குள் மட்டும் ஒளிந்திருக்கிறது, அளவும் குறைவு. இளங்கன்றில் எலிசா கோட்டை விடுவதற்கு அது போதும்.

பிறகு பிசிஆர். ஒரு டிஎன்ஏ துண்டை இரண்டாக, நான்காக, எட்டாக என்று பெருக்கிக்கொண்டே போவது. 1983-இல் கேரி முல்லிஸுக்கு அந்த யோசனை வந்தது, 1993-இல் நோபல் கிடைத்தது. அதன் அடிப்படை எண்ணம் 1971-லேயே நம் ஹர் கோவிந்த் கொரானாவின் ஆய்வகக் கட்டுரை ஒன்றில் இருந்தது என்பதை மாணவர்கள் தேடிப் படிக்கலாம். பிசிஆருக்கு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டை இழையைப் பிரிக்க ஏறக்குறைய 95 டிகிரி சூடு வேண்டும், பிறகு இறக்க வேண்டும், மறுபடி ஏற்ற வேண்டும். முப்பது நாற்பது சுற்று. அதற்காகத்தான் அந்த விலை உயர்ந்த இயந்திரம். கூடவே, வாழைச்சாறு இருக்கிறதே, வேட்டியில் பட்டால் ஜென்மத்துக்கும் போகாத அந்தக் கறை, அதே பொருள்கள்தான் பிசிஆர் நொதியையும் முடக்குகின்றன. சுத்தமாக டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தால்தான் பிசிஆர் ஓடும். பிரித்தெடுக்க ஆள், குளிர்பெட்டி, ரசாயனம், அரைநாள் வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் ஜப்பானில் நோட்டோமியும் உடன் ஆய்வாளர்களும் லாம்ப் என்ற முறையை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட நொதி, வெந்நீர் விரும்பும் ஒரு பாக்டீரியத்திலிருந்து வந்த பிஎஸ்டி பாலிமரேஸ். முன்னால் இருக்கிற இழையைத் தானே ஒதுக்கித் தள்ளிக்கொண்டு நகல் எடுக்கிற திறன் அதற்கு உண்டு. ஆகவே 95 டிகிரிக்கு ஏற்ற வேண்டியதில்லை, 60 முதல் 65 டிகிரி வரை ஒரே சூடு போதும். நகல் தொடங்கும் இடத்தைக் காட்டுகிற சின்ன டிஎன்ஏ துண்டுக்குப் பிரைமர் என்று பெயர். பிசிஆரில் இரண்டு பிரைமர் என்றால் இதில் நான்கிலிருந்து ஆறு. வைரஸின் மரபில் ஆறு வெவ்வேறு இடங்களை நான்கு பிரைமர்களும் சரியாக அடையாளம் கண்டால்தான் பெருக்கம் தொடங்கும். தொடங்கிவிட்டாலோ நகலின் நுனிகள் தாமே மடிந்து வளையமாகி, வளையத்திலிருந்து அடுத்த நகல் கிளம்பி, ஒரு மணி நேரத்துக்குள் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குவிந்துவிடும். கறை கலந்த சாற்றையும் இந்த நொதி பிசிஆர் நொதியைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். வாழைக்காரர்களுக்கு அது பெரிய சலுகை.

செய்முறையைச் சொல்கிறேன், மனசுக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தில் கடைசியாக விரிந்த இலையின் காம்பிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. அடுத்த மரத்துக்குப் போகும்போது பிளேடு புதிது. ஒரே பிளேடில் இரண்டு மரத்தை வெட்டினால் முதல் மரத்தின் சாறு இரண்டாவது மரத்தின் பெயரில் பாசிட்டிவ் ஆகும். துண்டைத் தடித்த பிளாஸ்டிக் பையில் போட்டு, காரமான கரைசல் விட்டு, வெளியிலிருந்தே பாட்டிலால் உருட்டி நசுக்க வேண்டும். சாறு பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகும். அதைத் தடுக்கக் கரைசலில் கொஞ்சம் சோடியம் சல்ஃபைட் சேர்ப்பார்கள். அந்தச் சாற்றை நீர்க்கச் செய்து, ஒரு சொட்டை, பிரைமரும் நொதியும் ஊதா நிறச் சாயமும் இருக்கிற சின்னக் குழாய்க்குள் விட்டு மூடிவிட வேண்டும். 63 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஒரு மணி நேரம். வைரஸ் இருந்தால் பெருக்கத்தில் மக்னீசியம் செலவாகி, ஊதா வான்நீலமாகும். இல்லையென்றால் ஊதா ஊதாவாகவே இருக்கும்.

கூடவே இன்னும் இரண்டு குழாய் எப்போதும் போக வேண்டும். ஒன்றில் நிச்சயமாக நோயில்லாத வாழையின் சாறு. மற்றதில் நோயுள்ளது என்று தெரிந்த மாதிரி. அந்த இரண்டும் சரியான நிறத்தைக் காட்டாவிட்டால் அன்றைய சோதனை மொத்தமும் குப்பை. யாராவது உங்கள் தோட்டத்துக்கு வந்து இந்த இரண்டு குழாய் இல்லாமல் சோதனை செய்து காட்டினால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு கண்டிப்பு. முடிந்த குழாயைத் திறக்கவே கூடாது. உள்ளே கோடிக்கணக்கான நகல்கள் இருக்கின்றன. மூடியைத் திறந்தால் காற்றில் கலந்து மேஜை, கை, அடுத்த நாள் குழாய் எல்லாவற்றிலும் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் தண்ணீரைச் சோதித்தாலும் பாசிட்டிவ் வரும். நல்ல ஆய்வகங்களே இதில் வாரக்கணக்கில் தடுமாறியதுண்டு.

2006-இல் வந்த ஆர்பிஏ முறை இன்னும் ஒரு படி மேலே. 37 முதல் 42 டிகிரி, இருபது நிமிஷம். உடம்புச் சூடே போதும், குழாயை அக்குளில் இடுக்கிவைத்தும் செய்து காட்டியிருக்கிறார்கள். மருந்தை உலர்த்திய உருண்டையாக அனுப்பலாம், ஐஸ் பெட்டி வேண்டாம். முடிவைக் காகிதப் பட்டையில் பார்க்கலாம், சி என்ற எழுத்துக்கு எதிரில் ஒரு கோடு, டி என்ற எழுத்துக்கு எதிரில் ஒரு கோடு, கொரோனா கிட்டில் பார்த்ததேதான். முடிக்கொத்து வைரஸுக்கு ஆர்பிஏ, லாம்ப் இரண்டுமே ஆய்வுக் கட்டுரைகளில் நிரூபிக்கப்பட்டவை. மருந்தின் விலைதான் ஆர்பிஏவுக்கு இன்னும் இடிக்கிறது.

காகிதப் பட்டை என்றதும் ஒரு எச்சரிக்கை. 2020-இல் டெல்லியின் சிஎஸ்ஐஆர் மரபணு ஆய்வு நிறுவனம் ஃபெலுடா என்ற கொரோனா சோதனையைக் கொண்டுவந்தது. சத்யஜித் ரேயின் துப்பறிவாளர் பெயர். கிரிஸ்பர் நொதியால் வைரஸைக் கண்டுபிடித்துப் பட்டையில் கோடாகக் காட்டுகிற அருமையான வேலை. பட்டையைப் பார்த்துவிட்டு, ஆய்வகமே வேண்டாம் என்பது போலச் செய்திகள் வந்தன. ஆனால் பட்டைக்கு முன்னால் மாதிரியைப் பெருக்க ஒரு பிசிஆர் இயந்திரம் ஓட வேண்டியிருந்தது. ஆகவே எளிய சோதனை என்று யார் எதைக் காட்டினாலும், பட்டையை நீட்டுவதற்கு முன் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். சிரமம் எப்போதும் அங்கேதான் இருக்கும்.

இனி பூவனுக்கு வருகிறேன். இதை மாணவர்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

நம் பூவனில் இலைக்கீற்று நோய் என்று ஒன்று உண்டு. மஞ்சளாக விட்டுவிட்டுக் கோடு விழுந்து, பிற்பாடு கருகும். அந்த வைரஸும் டிஎன்ஏ வைரஸ்தான். சிக்கல் என்னவென்றால், அதன் மரபுத் துண்டுகள் வாழையின் சொந்தக் குரோமோசோமுக்குள்ளேயே ஒட்டிக்கிடக்கின்றன. பூவன், நேந்திரன், ரஸ்தாளி முதலிய கலப்பு ரகங்களுக்கு ஒரு பாட்டி உண்டு, மூசா பால்பிசியானா என்ற காட்டு வாழை. அந்தப் பாட்டி வழியில் வந்த பி மரபுத்தொகுதியில் இந்தத் துண்டுகள் பரம்பரையாக வருகின்றன. பெரும்பாலும் சும்மா கிடக்கும். சில ரகங்களில், வெயில் குளிர் அதிர்ச்சியிலோ திசு வளர்ப்பின்போதோ விழித்துக்கொண்டு முழு வைரஸாக எழுந்துவிடுவதும் உண்டு.

இப்போது யோசியுங்கள். பூவன் இலையை எடுத்துச் சாதாரண பிசிஆரோ லாம்ப்போ செய்தால் என்ன ஆகும்? ஆரோக்கியமான மரமும் பாசிட்டிவ் காட்டும். சோதனை பொய் சொல்லவில்லை. டிஎன்ஏ இருக்கிறதா என்று கேட்டோம், இருக்கிறது என்றது. நோய் இருக்கிறதா என்று நாம் கேட்கவே இல்லை. இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, குழாயின் சுவரில் எதிர்ப்புரதத்தைப் பூசி, முழு வைரஸ் துகளை மட்டும் பிடித்து, வாழையின் டிஎன்ஏவைக் கழுவித் தள்ளிவிட்டு, அப்புறம் பெருக்குவது. மற்றது, வட்டமான டிஎன்ஏவை மட்டும் பெருக்குகிற முறை. குரோமோசோமில் ஒட்டியது நீளமாகக் கிடக்கிறது, எழுந்து நடமாடுகிற வைரஸ் வட்டமாக இருக்கிறது. திருச்சியில் 1993-இல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் ஆர். செல்வராஜன் குழுவினர் பூவனின் இந்த வைரஸை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். வயல்வெளிச் சோதனை என்று அவசரப்படுகிறவர்கள் அந்த ஆய்வுகளைப் படித்துவிட்டு அவசரப்படலாம். முடிக்கொத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். வாழையைத் தாக்குகிற வெள்ளரித் தேமல் வைரஸும் மடல் தேமல் வைரஸும் ஆர்என்ஏ வைரஸ்கள். அவற்றுக்கு ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றுகிற இன்னொரு நொதி கூடுதலாக வேண்டும்.

"டிஷ்யூ கன்னு வாங்கினா இந்தப் பயமெல்லாம் இல்லீங்களே" என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். திசு வளர்ப்பு பாக்டீரியாவையும் நூற்புழுவையும் கழற்றிவிடும், வைரஸைத் தானாகக் கழற்றாது. தாய் மரத்தில் இருந்தால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கும் போகும். அதனால்தான் 2006-இல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை திசு வளர்ப்புச் செடிகளுக்கு ஒரு தேசியச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தாய் மரத்தையும் ஒவ்வொரு தொகுதியையும் வைரஸுக்குச் சோதித்து, சான்றுச் சீட்டு ஒட்ட வேண்டும். ஜி9 ரகத் திசு நாற்று வாங்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் அந்தச் சீட்டைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் கதலிக்கும் நேந்திரனுக்கும் நம்மவர்கள் இன்னும் பெரும்பாலும் கன்றைத்தானே நம்புகிறோம்? அந்தக் கன்றுக்குச் சான்றிதழ் கொடுக்க எந்த அமைப்பும் இல்லை. இந்த ஓட்டையைத்தான் எளிய சோதனை அடைக்க வேண்டும்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஆறுக்கு ஆறு அடியில் நட்டால் ஏக்கருக்கு 1,200 கன்று. 1,200 கன்றையும் சோதிக்க முடியாது, தேவையும் இல்லை. தாய்த் தோட்டத்தைச் சோதித்தால் போதும். ஒரு தோட்டத்தில் நூற்றுக்கு ஒரு மரம் நோயுற்றிருந்தாலும் அதைத் தவறவிடக் கூடாது, 95 சதவீத உறுதி வேண்டும் என்றால், 300 மரங்களிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது புள்ளியியல். பெருக்குகிற சோதனை என்பதால் பத்து மரத்துத் துண்டுகளை ஒரே பையில் நசுக்கலாம். பத்தில் ஒன்றில் வைரஸ் இருந்தாலும் குழாய் காட்டிவிடும். ஆக 30 குழாய். ஒரு காலை நேர வேலை. எந்தக் குழாய் நீலமானதோ அந்தப் பத்து மரத்தை மட்டும் தனித்தனியாகப் பார்த்தால் ஆளைப் பிடித்துவிடலாம்.

சோதனை தப்புச் செய்தால்? செய்யும். ஆயிரம் கன்றில் பத்து நோயுள்ளவை என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ளதில் நூற்றுக்கு ஐந்தை விட்டுவிடுகிற, ஆரோக்கியமானதில் நூற்றுக்கு ஐந்தைத் தவறாகக் குற்றம் சாட்டுகிற ஒரு சோதனை. நோயுள்ள பத்தில் ஒன்பதோ பத்தோ அகப்படும். ஆரோக்கியமான 990-இல் ஏறத்தாழ 50 அநியாயமாக மாட்டும். குற்றம் சாட்டப்பட்ட அறுபதில் ஐம்பது நிரபராதி! மனிதருக்கு இப்படி ஒரு சோதனையைச் செய்தால் ஊரே கொந்தளிக்கும், கொந்தளிக்கத்தான் வேண்டும். கன்று விஷயத்தில் என்ன நஷ்டம்? ஐம்பது கன்றைக் குப்பையில் போட்டீர்கள். தப்பித்துப்போன ஒரு கன்றோ தோட்டத்துக்குள் நின்றுகொண்டு சுற்றிலும் இருபது மீட்டருக்கு அசுவினி வழியே வைரஸை அனுப்பும். ஆகவே வாழைக்குத் தேவை தவறவிடாத சோதனை, அநியாயமாகச் சிலதைப் பிடித்தாலும் பரவாயில்லை. மருத்துவச் சோதனைக்கான அளவுகோலை அப்படியே தூக்கிவந்து, இன்னும் துல்லியம் போதாது என்று வருஷக்கணக்கில் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிற நம் ஆராய்ச்சியாளர்களோடு எனக்கு வழக்கு இந்த இடத்தில்தான்.

நோய் இருக்கிற இடத்துக்கே சோதனையைக் கொண்டுபோவதற்கு, மனிதர் விஷயத்தில் ஓர் உதாரணமும் நம் காட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, தாளவாடியைத் தாண்டினால் சாமராஜநகர். அந்த மாவட்டத்தின் பந்திப்பூரில் 2012-13-இல் குரங்குகள் செத்து விழுந்தன, அந்தச் சடலங்களைக் கையாண்டவர்களுக்குக் காய்ச்சல் கண்டது. 1957-இல் ஷிமோகாவின் கியாசனூர் காட்டில் முதலில் தெரிந்த, உண்ணி பரப்புகிற அதே வைரஸ். நீலகிரி, வயநாடு என்று பிற்பாடு அதன் தடம் நம் காடுகளைச் சுற்றியே வந்தது. ஆரம்பத்தில் டெங்கு மாதிரிதான் இருக்கும். ரத்த மாதிரி புனேயிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் நோயாளியின் கதை ஒரு பக்கம் திரும்பியிருக்கும். காசநோய்க்கென்று வந்து கொரோனாவில் பரவலான ட்ரூநாட் என்ற பேட்டரிக் கருவி, ஒரு சில்லில் சின்ன பிசிஆரை ஓட்டி ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்கிறது. அதில் ஓடுகிற கியாசனூர் சோதனையை தேசிய வைராலஜி நிறுவனத்தாரும் அதைத் தயாரிக்கும் மோல்பயோ நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கியிருக்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேஜைமேல் வைக்க முடிகிற கருவி அது. அதே மாதிரி ஒரு மேஜையை நான் வாழைக்குக் கேட்கிறேன்.

எங்கே போடுவது அந்த மேஜையை? பவானிசாகரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கோபியில் மைராடா வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இருக்கின்றன. இந்தக் கல்லூரி மாணவர்களில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறவர்கள் இருக்கிறீர்கள். ஒரு வெந்நீர்த் தொட்டி, ஒரு குளிர்பெட்டி, பழகிய கை இரண்டு, இவ்வளவுதான் கருவி. கன்று விற்கிற சீசனுக்கு முன்னால் தாய்த் தோட்டத்துக்குப் போய் மாதிரி எடுத்து, எந்தத் தோட்டம், எந்தத் தேதி, எத்தனை மரம் என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். செலவை விற்கிறவர் ஏற்கட்டும். சீட்டு இருக்கிற கன்றுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கேட்டால் வாங்குகிறவர் கொடுக்கட்டும். சந்தையில் அந்த வித்தியாசம் வந்துவிட்டால் அரசாணை வருவதற்கு முன்னாலேயே பழக்கம் வந்துவிடும். ஒன்று மட்டும், பாசிட்டிவ் வந்த தோட்டத்துக்காரர் பெயரை டீக்கடையில் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த வருஷம் யாரும் இலையைத் தொடவிட மாட்டார்கள். அழித்த மரத்துக்கு ஏதாவது ஈடு கிடைத்தால்தான் மறைக்காமல் சொல்லுவார்கள், அது அரசாங்கம் யோசிக்க வேண்டியது.

கடைசியாக, குழாய் நீலமாகிவிட்டது, என்ன செய்வது என்ற கேள்வி. அரிவாளை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். மரத்தை வெட்டிச் சாய்த்த உடனே அதிலுள்ள அசுவினிக்குச் சாப்பாடு போய்விடும், அத்தனையும் வைரஸோடு பக்கத்து மரத்துக்கு நடக்கும். முதலில் பூச்சிக்கு அடியுங்கள். குருத்துக்குள்ளும், இலையுறை இடுக்கிலும், அடியில் நிற்கிற பக்கக்கன்றிலும் மருந்து இறங்க வேண்டும். சுற்றியுள்ள மரங்களுக்கும் அடியுங்கள். அசுவினி செத்ததைக் கண்ணால் பார்த்த பிறகு மரத்தைக் கிழங்கோடு, எல்லாப் பக்கக்கன்றோடும் தோண்டி எடுங்கள். தோண்ட முடியாத இடத்தில் தண்டில் களைக்கொல்லி ஏற்றி மரத்தைக் கொல்லுகிற முறை உண்டு, அளவை வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டிக் காயவிடுங்கள். மண்ணில் ஒரு துண்டு தங்கினாலும் தளிர்க்கும், தளிர்த்தால் நோயோடு தளிர்க்கும். அந்தக் குழியையும் சுற்றி இருபது மீட்டரையும் வாரம் ஒருமுறை, குறைந்தது மூன்று மாதத்துக்கு, இலைக்காம்பைத் திருப்பிப் பாருங்கள். மாதம் ஒருமுறை பத்துத் துண்டு எடுத்து ஒரு பையில் போட்டு மேஜைக்கு அனுப்புங்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பூவன் வைத்திருக்கிறவர்கள் முதலில்.